மன்னார்க் காற்றும் முப்பது நாளும்

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு 'தம்பபவனி' என்னும் பெயரில் 30 காற்றாலைகள் எழுந்தன. 103.5 மெகாவாற் மின் தரவல்லவை. எண்ணெயையும் நிலக்கரியையும் விலைகொடுத்து வாங்கி எரிக்கும் நாட்டுக்குக் காற்று பெருங்கொடையே. இதனை மன்னார் மக்கள் மறுத்தாரல்லர். தீவுக்குள் இனியும் வேண்டாம் என்பதே அவர்தம் கோரிக்கை.

காரணம் உண்டு. தீவு தாழ்ந்த மணற்றரை. கோபுரத்துக்கும் அதற்குச் செல்லும் பாதைக்கும் நிலத்தை மேடாக்கினால் மாரிவெள்ளம் எவ்வழி வடியும்? வரம்பு கட்டி வாழும் கமக்காரனுக்கு இக்கேள்வியை விளக்க வேண்டுவதில்லை. வடதிசையிலிருந்து பறந்துவரும் பறவைகளுக்கும் இத்தீவே தங்குமிடம்.

2025 ஆகஸ்டில் ஜனாதிபதி பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பரில் மீண்டும் தொடங்கப் பணித்தார். மறித்து நின்ற மக்களோடு பொலிசார் மோதினர். கேட்பதுபோற் கேட்டு, முன்னரே முடித்ததை முடிப்பதற்குப் பெயர் ஆலோசனையா?

சட்டத்தில் இடமில்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைமீது பொதுமக்கள் எழுத்தில் கருத்துரைக்க 30 நாள் உண்டு. கரைவலை இழுப்பவன் தொழிலை விட்டு, பொறியியல் நிறைந்த தடித்த அறிக்கையைப் படித்து, பதிலும் எழுத முப்பதே நாள்! படித்தோர்க்கே அது போதாது.

ஆயின், அந்த முப்பது நாளில் எம் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் எத்தனை பேர் மன்னாருக்குப் போய் அம்மக்களோடு அமர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தனர்? அரசைக் கேட்கும் வினாவை ஒருமுறை எம்மையும் கேட்போம்.