செல்லமும் கண்டிப்பும்: கவனக்குறைபாடு குறித்த தவறான தீர்ப்புகள்

ஓரிடத்தில் உட்காராத, சொன்னதை மறந்துவிடுகிற, எடுத்த வேலையை முடிக்காத குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறையிலும் உறவினர் கூடும் விசேஷ வீடுகளிலும் வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், கண்டித்து வளர்த்திருந்தால் பிள்ளை ஒழுங்காகப் படித்திருக்கும். இத்தீர்ப்புக்குத் துணையாக, ஏ.டி.எச்.டி. என்பதே மருந்து விற்பதற்காக அண்மையில் உருவாக்கப்பட்ட பெயர் என்றும், கைப்பேசியின் முன் மணிக்கணக்கில் அசையாதிருக்கும் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்பது சாக்கு என்றும், வாசிக்க வராதது சோம்பல் என்றும், வயது ஏறினால் எல்லாம் தானே சரியாகும் என்றும் கூறப்படுகிறது. இக்கூற்றுகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது. ஏனெனில் இவற்றை நம்பும் வீட்டில் அடி வாங்குவது குழந்தை, பழி சுமப்பது பெரும்பாலும் தாய்.

பெயர் புதியது என்பது உண்மை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த குறைபாடு, இன்றைய பெயரைப் பெற்றது 1987இல்தான். ஆனால் பெயரிடப்பட்ட நிலை பழையது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட நூலிலேயே எதிலும் மனத்தை நிலைநிறுத்த முடியாத தன்மையைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். 1902இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகள், அறிவுக்குறை இல்லாத, ஆனால் தம்மைத்தாமே கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளை விவரித்தன. இதற்குரிய முதன்மையான மருந்தாகிய மெதில்ஃபெனிடேட் 1944இல்தான் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. மருந்துக்காக நோய் உருவாக்கப்பட்டது என்னும் வாதம் இந்தக் கால வரிசையின் முன் நிற்பதில்லை.

வளர்ப்பே காரணம் என்னும் மையக் கூற்று இதைவிட விரிவான விடையைக் கோருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இக்குறைபாட்டின் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு எனத் தெரியவந்தது. ஒரு குழந்தையின் சிக்கலில் முக்கால் பங்கு மரபணுவிலிருந்து வந்தது என்று இதற்குப் பொருளில்லை; ஒரு மக்கள்தொகையில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் அவ்வளவு பங்கை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பதே பொருள். எஞ்சிய பங்கும் முழுவதும் செல்லத்தின் கணக்கில் சேர்வதில்லை; குறைமாதப் பிறப்பு, பிறப்பெடைக் குறைவு, காரீய நச்சு போன்றவையும் இக்குறைபாட்டோடு தொடர்புடையவை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், மூளைப் புறணி தன் உச்சத் தடிப்பை மற்றக் குழந்தைகளிடம் சராசரியாக ஏழரை வயதில் எட்டியிருக்க, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் பத்தரை வயதில் எட்டியது. செயலைத் திட்டமிடவும் உந்துதலை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதியில் இந்தத் தாமதம் மிகுதியாக இருந்தது.

ஆயினும், இத்தகைய பிள்ளைகளின் வீடுகளில் அதட்டலும் எரிச்சலும் மிகுந்திருப்பதைக் கண்ணால் கண்டவர்கள் வளர்ப்பைக் குறைகூறுவது இயல்பே. எது காரணம், எது விளைவு என்பதே இங்குள்ள கேள்வி. உளவியலாளர்கள் ரஸ்ஸல் பார்க்லியும் சார்லஸ் கன்னிங்காமும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. மிகையியக்கம் கொண்ட சிறுவர்களுக்கு மெதில்ஃபெனிடேட்டும், மருந்தில்லாத போலி மாத்திரையும் மாற்றி மாற்றித் தரப்பட்டன. தாயும் மகனும் சேர்ந்து விளையாடுவதும் வேலை செய்வதும் கவனிக்கப்பட்டன. மருந்து தரப்பட்ட வேளையில் மகன் சொல் கேட்டான். அப்போது தாயின் ஏவல்களும் அதட்டலும் குறைந்தன. தாய்க்கு எந்தப் பயிற்சியும் எந்த அறிவுரையும் தரப்படவில்லை; மாத்திரை விழுங்கியது மகன் மட்டுமே. தாயின் கடுமைதான் மகனின் அலைவுக்குக் காரணம் என்றால் இந்த மாற்றத்தை விளக்க வழியில்லை. ஒரு நாளில் ஒரே சொல்லைப் பலமுறை சொல்லியும் பயன் காணாத களைப்பே பெருமளவு கண்டிப்பாகவும், சில வேளை கைவிட்டுவிடும் செல்லமாகவும் வெளிப்படுகிறது என்று கொள்வதே பொருந்தும்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உள்ள உண்மையையும் மறைக்கத் தேவையில்லை. ருமேனியாவின் அனாதை விடுதிகளில் கடும் புறக்கணிப்புக்கு ஆளான குழந்தைகளிடம் இதே அறிகுறிகள் பின்னாளில் மிகுதியாகக் காணப்பட்டன; ஆனால் அந்தக் கொடுமைக்கும் கொஞ்சம் செல்லம் கொடுத்த வீட்டுக்கும் எந்த ஒப்புமையும் இல்லை. நோய் கண்டறிதலில் பிழை நேர்வதும் மெய்யே: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அதே வகுப்பில் வயதில் இளையவர்களாகிய டிசம்பரில் பிறந்த சிறுவர்கள், ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இக்குறைபாட்டுக்கு உரியவர்களாகக் கணிக்கப்பட்டதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. வயதுக்குரிய குறும்பைக் குறைபாடாகக் கொள்ளும் இந்த ஆபத்தைத் தவிர்க்கவே, அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும் என்னும் நிபந்தனைகள் வைக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கடைப்பிடிக்காத அவசரக் கணிப்பு கண்டிக்கத்தக்கது. அதற்காகக் குறைபாடே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு.

கைப்பேசி வாதத்துக்கு வருவோம். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்குக் கவனம் அடியோடு இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்தும் கட்டுப்பாடே அதற்குக் குறைவு. கைப்பேசி விளையாட்டில் நொடிக்கு நொடி ஒளி, ஒலி, மதிப்பெண் என்று பலன் கைமேல் கிடைக்கிறது. வாய்ப்பாட்டை எழுதி முடிப்பதற்கான பலன் மாதக் கடைசியில் வரும் மதிப்பெண் அட்டையில் இருக்கிறது. தள்ளிக் கிடைக்கும் பலனுக்காகக் காத்திருப்பதே இக்குழந்தைகளுக்கு மிகக் கடினம் என்பதால், கைப்பேசியின் முன் அமைதி குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இன்னொரு தடை செயல்நினைவு, அதாவது கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் தாங்கிக்கொண்டே அதன்படி செயல்படும் திறன். “போய்க் குளித்துவிட்டு, சீருடை போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, டைரியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா” என்னும் ஒரே மூச்சு ஏவலில் நான்கு வேலைகள் இருக்கின்றன. குளியலறை வரை போன குழந்தை, வாளி நிரம்பி வழிய, சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றால், அது திமிராக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மீதி மூன்று வேலைகளும் அதற்குள் நினைவிலிருந்து நழுவிவிட்டன என்பதே நடந்தது.

அடித்தால் பணியும் என்னும் நம்பிக்கை தவறுவதும் இங்கேதான். காலையில் செய்ததற்கு மாலையில் விழும் அடியால், அடிப்பவரிடம் அச்சம் வளர்கிறதே தவிர, செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு மனத்தில் பதிவதில்லை. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்துள்ளது. வீட்டுக்குள் பிரம்பு இன்னும் பலருக்குக் கல்விக் கருவியாகவே இருக்கிறது. பயனளிப்பதாக ஆய்வுகள் காட்டும் முறை வேறு: ஒரு நேரத்தில் ஒரு வேலை, அருகில் சென்று முகம் பார்த்துச் சொல்லும் சுருக்கமான சொல், முடித்த உடனே பாராட்டு, முன்கூட்டியே சொல்லி வைத்து மாற்றாமல் கடைப்பிடிக்கும் சிறிய விளைவுகள். பெற்றோருக்கு இவற்றைக் கற்பிக்கும் பயிற்சி, அவர்கள் குற்றவாளிகள் என்பதற்காகத் தரப்படுவதன்று. சாதாரணக் குழந்தைக்குப் போதுமான வளர்ப்பு முறை இந்தக் குழந்தைக்குப் போதவில்லை என்பதற்காகத் தரப்படுகிறது.

வாசிப்பு வராததைச் சோம்பல் என்பவர்கள், கணிசமான ஏ.டி.எச்.டி. குழந்தைகளிடம் டிஸ்லெக்சியாவும் சேர்ந்தே காணப்படுவதை அறிவதில்லை. டிஸ்லெக்சியா என்பது அறிவும் பார்வையும் செவியும் சரியாக இருந்தும் எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு. இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896இல் விவரித்த 14 வயதுச் சிறுவன் இயற்கணிதக் கணக்கைப் போட்டான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். தமிழ் எழுத்தில் இந்த இடர்ப்பாடு தனி உருக் கொள்கிறது. ‘கொடி’ என்னும் சொல்லில் கொம்பு முதலில் நிற்கிறது, பின் ககரம், அதன் பின் கால். வாயில் வருவதோ முதலில் ககர ஒலி, பிறகு ஒகரம். கண், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. பெரும்பாலான குழந்தைகள் தம்மையறியாமல் கடந்துவிடும் இந்த இடங்களில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை ஒவ்வொரு முறையும் நின்று கணக்கிட வேண்டியிருக்கிறது. வரியின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோகிறது. பத்து முறை எழுதி வரச் சொல்லும் தண்டனை, பிழையையே பத்து முறை பழக்குகிறது.

மருந்து போதைக்கு அடிமையாக்கும் என்னும் அச்சத்தை, சிறுவயதில் மருத்துவம் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு உறுதிப்படுத்தவில்லை. மருந்தே முழுத் தீர்வு என்பதும் சரியன்று: 579 குழந்தைகளை 14 மாதங்கள் பின்தொடர்ந்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து அறிகுறிகளை மிகுதியாகக் குறைத்தது; ஆனால் மூன்றாண்டு கடந்தபின் அந்தக் கூடுதல் பலன் எஞ்சவில்லை. வயதோடு சரியாகும் என்பது ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் ஓரளவு பொருந்தும். கவனச் சிதறல் பலரிடம் பெரியவரான பின்னும் நீடிக்கிறது. ஓடாமல், துள்ளாமல், கடைசி வரிசையில் அமைதியாகக் கனவு காணும் பெண் குழந்தைகள், குறைபாடு என்றாலே ஓட்டமும் துள்ளலும் என்று எண்ணப்படுவதால், பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகின்றனர்.

தேர்வுச் சலுகைகள் அநியாயம் என்னும் முணுமுணுப்பும் கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் கிடைக்க வழியுண்டு. வாசிப்பிலேயே நேரம் கரைபவருக்கு அந்த ஒரு மணி நேரம் மற்றவரோடு சமமாகக் கேள்வியை எட்டுவதற்கானது. அந்த 21இல் ஏ.டி.எச்.டி. தனி வகையாக இடம்பெறவில்லை. வாசிப்பில் குறையில்லாத ஏ.டி.எச்.டி. குழந்தை முன்வரிசையில் உட்கார வைக்கப்படுவதும், வீட்டுப்பாடம் பகுதி பகுதியாகத் தரப்படுவதும், நடுவே எழுந்து கரும்பலகையைத் துடைத்துவிட்டு வர அனுமதிக்கப்படுவதும், அந்த ஆண்டில் வாய்த்த வகுப்பாசிரியரின் மனத்தைப் பொறுத்தே இன்றும் இருக்கின்றன.