பாட்டன் துப்பாக்கியும் பேரனின் அரமும்

பாட்டனார் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி பேரன் கைக்கு வந்து சேர்கிறது. உரிமத்தில் பெயர் மாறுகிறது. அடுத்த வாரமே பேரனுக்கு யோசனைகள் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. குழலைச் சற்று அறுத்துக் குறைத்தால் தூக்கிக்கொண்டு நடக்க வசதி. தோட்டா அறையைக் கடைந்து நீட்டிவிட்டால் இன்று கடையில் கிடைக்கும் நீளத் தோட்டாவைப் போடலாம். விரிசல் விழுந்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தலாம். பிறகு ஓர் இரவு, ஒரு ஜீப், இரண்டு நண்பர்கள். இவ்வளவையும் திட்டமிட்டுவிட்டு அவர் சொல்லிக்கொள்வது: 'பாட்டன் மரபை உயிர்ப்பிக்கிறேன்.'

இந்த வாக்கியத்தோடுதான் எங்களுக்கு வழக்கு. துப்பாக்கியோடு அல்ல.

வேட்டை இலக்கியத்தை விரும்பி வாசிப்பவர்கள் நாங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் இரவு கண்விழித்துப் படித்த தலைமுறை எங்களுடையது. ஆண்டர்சனின் பென்னாகரமும் ஜவளகிரியும் எங்களில் சிலருக்குப் பேருந்து ஏறினால் எட்டிவிடும் தூரம். ஆகவே துப்பாக்கியைக் கண்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டம் என்று எங்களைத் தள்ளிவிட வேண்டாம். எங்கள் முதல் வாதம் இரும்பைப் பற்றியதுதான்.

பழைய துப்பாக்கிகளில் பலவற்றின் குழல்கள் ஒரே எஃகுத் துண்டில் துளையிட்டு ஆக்கப்பட்டவை அல்ல. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை. மேற்பரப்பில் தெரியும் அலையலையான கோலம் அந்த ஒட்டுகளின் தடமே. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அழகு தெரியும் இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒட்டுகளுக்கிடையே சிக்கிய கசடு நூறாண்டு ஈரத்தில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். வெளியே எண்ணெய் பூசிய மினுக்கம் மட்டும் மாறாது. அவற்றுள் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டவை. புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு கணக்கு.

அடுத்தது தோட்டா அறை. பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளம். இன்று பரவலாக விற்கப்படும் தோட்டா 70 மில்லிமீட்டர். இதிலுள்ள வஞ்சகம் என்னவென்றால், நீளத் தோட்டா குட்டை அறைக்குள் எந்த முரண்டும் பிடிக்காமல் நுழைந்துவிடும். ஏனெனில் 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த உறையின் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் மடிக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிய இடமின்றி, குறுகிச் செல்லும் கழுத்துக்குள் முட்டுகிறது. அழுத்தம் எகிறுகிறது. 'போட்டுப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது' என்று சொல்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

'அதனால்தானே அறையைக் கடைந்து நீட்டுகிறோம்' என்பது அவர்களின் பதில். கடைவதென்றால் குழலின் சுவரைத் தேய்ப்பது. அழுத்தம் மிகுதியாகத் தாக்கும் பகுதியை ஒட்டியே உலோகத்தை மெலிதாக்குவது. பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டிலேயே சோதனைக் கூடம் அமைத்து, ஒவ்வொரு குழலையும் மிகை அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை அன்றிருந்த அளவுக்கு மட்டுமே சாட்சி. அளவை மாற்றிய கணமே அது பொய்ச்சாட்சியாகிவிடுகிறது. கடைசல் பட்டறையில் பம்புசெட் தண்டைக் கடைபவரிடம் இதைக் கொடுத்துச் செய்து வாங்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவருடைய கைத்திறனில் எங்களுக்கு ஐயம் இல்லை. மீண்டும் சுட்டுச் சோதித்து முத்திரையிட அவரால் ஆகாது, அவ்வளவுதான்.

குழலை அறுப்பது இன்னும் பெரிய அறியாமை. ரவைகள் சிதறாமல் சேர்ந்து போவதற்கான குறுக்கம் குழல் முனையின் கடைசிச் சில அங்குலத்தில்தான் இருக்கிறது. அதை அறுத்தெறிந்தால் மிஞ்சுவது ரவையை வாரி இறைக்கும் குழாய். இரட்டைக்குழல் என்பது இரண்டு குழாய்களை அருகருகே ஒட்டியது மட்டுமல்ல. இரண்டின் அடியும் ஒரே இடத்தில் விழும்படி, முனையை நோக்கி நெருங்கிவரும் கோணத்தில், சோதித்துச் சோதித்துப் பற்றவைத்த வேலை அது. அந்தக் கம்மியர் யாரோ எவரோ, அவர் பல நாள் பார்த்த கணக்கை அரை மணி நேர அரத்தால் அழித்துவிட்டு அதற்கு மரபு என்று பெயரிடுவதா?

சட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தக்க உரிமம் இன்றிக் குழலைக் குறைப்பதைத் தனிப் பிரிவிட்டுத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரைக்கும் நீளலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. குலச்சொத்தாக வந்தவையும் அக்கணக்கில் அடங்கும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு அதில் எஞ்சியிருந்த வாசலும் 1991இல் அடைபட்டது. 'பாட்டன் காலத்தில் முயல் அடித்தோமே' என்றால், ஆம், பாட்டன் காலத்தில் அடித்தார்கள்.

இங்கே சிலர் கார்பெட்டை இழுத்துக்கொண்டு வருவார்கள். சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியே, வலக்குழல் பிளந்துபோய்ப் பித்தளைக் கம்பியால் கட்டி நிறுத்தப்பட்டிருந்த பழைய வாய்மருந்துத் துப்பாக்கிதானே, அதைக் கொண்டுதானே அவர் காட்டைக் கற்றார் என்பார்கள். உண்மைதான். 'ஜங்கிள் லோர்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சிறுவன் அந்தத் துப்பாக்கியைத் தன் வசதிக்கு வளைக்கவில்லை. அதன் குறைக்குத் தன்னை வளைத்துக்கொண்டான். ஒரு குழல்தான், ஒரு வெடிதான். தவறினால் உட்கார்ந்து மருந்தைக் கெட்டித்தாக வேண்டும். ஆகவே பதுங்கி நெருங்கக் கற்றான், சுடாமல் திரும்பி வரவும் கற்றான். பிற்காலத்தில் அவர் கை துப்பாக்கியைவிட ஒளிப்படக் கருவியை நாடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழைய கருவியை மாற்றியமைக்கும் கை அரிப்பு ஒருவருக்கு இருக்கிறதென்றால், அதற்கு எங்களிடம் வேறோர் முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே சேர்த்துக் கட்டிய ஒரு பூதாகரமான படக்கருவியைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்து யானைகளைப் படமெடுத்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். வாசித்துவிட்டு வாருங்கள், பிறகு அரத்தைப் பற்றிப் பேசுவோம்.

இப்போது 'மரபு' என்ற சொல்லுக்கு வருகிறோம். எங்களை உண்மையில் சினமூட்டுவது அதுவே. குறிஞ்சித் திணையையும் கண்ணப்ப நாயனாரையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கண்ணப்பர் கையில் இருந்தது வில். பர்மிங்ஹாம் முத்திரை இட்ட குழல் நம் நாட்டுப் பெரிய வீடுகளுக்குள் வந்த கதை வேறு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரைப் பொதுவாக நிராயுதபாணியாக்கியது. உரிமம் என்பது ஆட்சியாளர் கண்ணுக்கு நம்பகமானவர் என்று தோன்றியவருக்குக் கிடைத்த சலுகை. ஜமீன்தாருக்கும் மிராசுதாருக்கும் எஸ்டேட் முதலாளிக்கும் எளிதில் கிட்டிய அந்தத் தாள், அவர் நிலத்தில் வேலை செய்தவனுக்குக் கனவிலும் வாய்க்கவில்லை. ஆகவே பாட்டனின் துப்பாக்கியோடு சேர்ந்து வருவது வீரம் மட்டுமன்று, ஒரு படிநிலையும்தான். அதை மறைத்துவிட்டுத் தமிழர் மரபு என்று பேசுவது ஒப்பனை.

வேட்டை மரபாக இருந்தவர்கள் வேறு சிலர். நரிக்குறவரைச் சொல்கிறோம். அவர்களுக்கு அது விடுமுறை விளையாட்டு அல்ல, உலை கொதிப்பதற்கான வழி. 1972க்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. நாட்டுத் துப்பாக்கியை வைத்துவிட்டு ஊசிமணி பாசிமணி கோத்துப் பேருந்து நிலையங்களில் உட்கார்ந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் இடம்பெற அவர்கள் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றும் வரை காத்திருக்க நேர்ந்தது. காடையும் கவுதாரியும் பிடித்தவன் காவலுக்கு அஞ்சி ஓடும் நாட்டில், ஜீப்பில் விளக்கடித்துப் போகிறவர் மட்டும் தம் குலப்பெருமையைப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டாமா? வேட்டையில் பரம்பரை உரிமை என்று ஒன்று உண்டென்றால் அதைக் கேட்கும் வரிசையில் இவர் கடைசி ஆள்.

குடகர்களை எங்களுக்கு எதிராக நிறுத்துவோரும் உண்டு. நிறுத்தட்டும். 1861 தொடங்கி அவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருந்துவருகிறது. நடுவண் அரசு 2019இல் அதைப் பத்தாண்டுக்கு நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. கைல்போது விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி. அந்த விலக்கு ஆயுதம் வைத்திருப்பதற்குத்தான், காட்டு விலங்கைச் சுடுவதற்கு அல்ல. வேட்டை நின்ற பிறகும் துப்பாக்கி அவர்கள் வாழ்வில் ஓர் இடத்தில் இருக்கிறது. அறுக்காமல், கடையாமல் இருக்கிறது.

மிஞ்சுவது விவசாயி. இதை எளிதாகத் தாண்டிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. மலையடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டவன் ஒரே இரவில் பன்றிக்கூட்டத்திடம் எல்லாவற்றையும் இழக்கிறான். இழப்பீட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். அவன் வீட்டுப் பழைய துப்பாக்கியை எடுத்தால் அவனிடம் போய் இலக்கியம் பேச நாங்கள் தயாராக இல்லை. ஆனால் அவனுக்கும் அறுத்த குழல் உதவாது. காட்டுப்பன்றியின் தோலும் தோள் கொழுப்பும் சிறு ரவையைத் தாங்கிக்கொள்ளும். சிதறிய ரவை பட்ட பன்றி சாகாது; புண் புழுத்து நாட்கணக்கில் அலைந்து, மறுநாள் களை பறிக்க வரும் பெண்மீது பாயும். குறுகிய வாயுள்ள பழைய குழலில் ஒற்றைக் குண்டைத் திணித்தாலோ குழலே பிளக்கக்கூடும். கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் தந்து, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைப் பட்டியலிட்டு, அவர்களைக் கொண்டு சுடவைக்கிறார்கள். தமிழ்நாட்டில், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என 2025 சனவரியில் அறிவித்தார்கள். இவை போதுமா என்பது வாதத்துக்குரியது. போதாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது; மூன்று கிலோமீட்டருக்குள் வயல் வைத்திருப்பவனும் உழவன்தானே? ஆயின் இவ்வழக்கை அவன் பெயரால் ஜீப்காரர் நடத்தக் கூடாது. விவசாயியின் நட்டத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கறிச்சோற்றுக்குப் போகிறவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

'அப்படியென்றால் அந்தத் துப்பாக்கியை என்னதான் செய்வது?' என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றால் உரிமம் பெற்ற வணிகரிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். பெரிய விலை கிடைக்காது. வேண்டும் என்றால் உரிமத்தோடு, வந்த நீளத்தில், வந்த கட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். விரிசலை மரவேலை அறிந்த உரிமக் கம்மியரிடம் காட்டுங்கள். தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது துரு ஏறியிருக்கும், எண்ணெய் போடுங்கள். பாட்டனாரின் பழைய உரிமப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். எந்தக் கடையில், எந்தத் தேதியில், எத்தனை தோட்டா வாங்கினார் என்று வணிகர் கையெழுத்தோடு பதிந்த பக்கங்கள் அதில் இருக்கும். எந்த ஆண்டு அவர் வாங்குவதை நிறுத்தினார் என்று பாருங்கள். ஏன் நிறுத்தினார் என்பது, உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாருக்காவது இன்னும் நினைவிருக்கலாம்.