தூரத்தைத் தீர்மானிப்பது யார்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்கும் இடையிலான நேர்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீற்றர். பின்லாந்தின் தேசிய விமான சேவையான பின்எயார் சைபீரியாவின் மேலாகப் பறந்து அந்தத் தூரத்தைச் சுமார் ஒன்பதரை மணித்தியாலங்களில் கடந்துவந்தது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் குறுகிய பாதை தன்னுடையதே என்று கூறித்தான் அந்த நிறுவனம் தனது வர்த்தகத்தைக் கட்டியெழுப்பியது.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனது வான்பரப்பை மூடியதும், அந்த மாதம் 28ஆம் திகதி ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குப் பதில்தடை விதித்தது. அதன் பின்னர் அதே பயணத்துக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. விமானங்கள் வடதுருவத்தின் மேலாகச் சுற்றிச் சென்றன. துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது!

இதில் ஒரு வரலாற்று முரண்நகை இருக்கிறது. கெடுபிடிப்போர்க் காலத்தில், 1983ஆம் ஆண்டில், சோவியத் வான்பரப்பைத் தவிர்ப்பதற்காக இதே நிறுவனம் இதே துருவப் பாதையில் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அன்றும் ஏறத்தாழ பதின்மூன்று மணித்தியாலங்களே பிடித்தன. டிசி-10 விமானத்தின் இடத்துக்கு எயார்பஸ் ஏ350 வந்துவிட்டது. ஆனால், நாற்பது வருடகாலத் தொழில்நுட்ப முன்னேற்றம் தந்த அனுகூலத்தை அரசாங்கங்களின் ஓரிரு நாள் முடிவு இல்லாமற் செய்துவிட்டது. சீன விமானங்களுக்கோ அந்தத் தடை இல்லை. அவை தொடர்ந்தும் ரஷ்யாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஆக, ஒரே வானம் ஒருவருக்குக் குறுகிய வழி, மற்றவருக்குப் பூட்டிய கதவு.

எமது மக்களுக்கு இது புதிய பாடம் அல்ல. பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வழியாக 350 கிலோமீற்றர் அளவுதான். போருக்கு முன்னர் அங்கிருந்து இந்தியாவுக்கு விமானங்கள் பறந்தன. போர் அந்த வழியை மூடிய பிறகு, வடக்கே போகவேண்டியவர்கள் முதலில் தெற்கே கொழும்புக்குச் செல்லவேண்டியிருந்தது. 1990களின் முற்பகுதியில் நானும் அவ்வாறு சென்றவன். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியாவில் சோதனைகளுக்காகக் காத்திருந்து கொழும்பை அடைய எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. அங்கிருந்து சென்னைக்கு விமானம் எடுத்ததோ ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு.

போர் 2009இல் முடிவடைந்தபோதும் யாழ்ப்பாணம் – சென்னை விமானசேவை 2019 நவம்பரில்தான் ஆரம்பமானது. கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. துப்பாக்கிகள் மௌனித்து பத்து வருடங்கள் கழிந்தபிறகும் திறக்காதிருந்த அந்தப் பாதைக்கு எந்த இயந்திரக் கோளாறும் காரணமாக இருக்கவில்லை. அரசியல் விருப்பம் இருக்கவில்லை என்பதே உண்மை.

விமான நிலையங்களைத் திறந்துவைக்கும் அமைச்சர்கள் பயண நேரம் குறைந்துவிட்டதாகப் பெருமைப்படுவது வழமை. புதிதாக ஒன்றை வழங்கியதாக அவர்கள் சொல்லும்போது, பல தசாப்தங்களாக மக்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த நேரத்தையே திருப்பித் தருகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. இரு நகரங்களுக்கு இடையிலான கிலோமீற்றர்களை இயற்கை வகுத்தது. மணித்தியாலங்களை வகுப்பவர்கள் ஆட்சியாளர்களே. அதற்கான கணக்கை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.