பாரம் உண்டு, ஒழுங்கு உண்டா?



பட்டணத்துச் சபைகளில் கல்லூரி முடித்து நல்ல வேலையில் அமர்ந்த வாலிபர் அநேகர் உண்டு. அதே சபையில், இந்தி எழுத்தறியாத தகப்பனுக்கும் வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளும் உண்டு. இப்பிள்ளைகளைப் பள்ளியிலேயே சந்தித்துக் கைதூக்கிவிட வேண்டும் என்னும் பாரம் பல வாலிபருக்கு இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஜனங்களின் பாரத்தைத் தனியாய்ச் சுமந்த மோசேக்கு எத்திரோ சொன்ன ஆலோசனையை (யாத்திராகமம் 18) நினைத்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தபிறகே அந்த வேலை நிலைநிற்கக் கூடியதாயிற்று.

தில்லியில் நடந்ததை அறிவது நமக்கு நல்லது. 2021 அக்டோபரில் அந்த அரசு 'தேஷ் கே மென்ட்டார்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்கு, 18 முதல் 35 வயதுள்ள தன்னார்வலர் தொலைபேசி வழியாய் வழிகாட்டுவது அதன் ஏற்பாடு. சில மாதங்களுக்குள் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறித்துக் கேள்வி எழுப்பி, குறைகள் தீரும்வரை அதை நிறுத்திவைக்கச் சொல்லிற்று. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று நியமிப்பதால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகாது என்பது ஆணையத்தின் கருத்து. அரசாங்கத்திடமே இத்தனை கேள்வி கேட்கப்படுமானால், 'நாங்கள் விசுவாசிகள்' என்னும் ஒரு சொல்லோடு நாம் பள்ளிக்குள் நுழையலாமா? தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் எழுத்திலே இருக்கட்டும். சந்திப்பு, கதவு திறந்திருக்கும் வகுப்பறையில் நடக்கட்டும். துண்டுப்பிரதிகளை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் அங்கே போவது கணக்குச் சொல்லிக் கொடுக்க.

அடுத்ததாக, ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். அற்பமாய்த் தோன்றுகிறதா? கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் சகோதரனுக்கு இந்த வாரம் இரவுப்பணி; அவருக்குப் பதிலாய் வேறொருவர் போகிறார். மறுவாரம் மூன்றாமவர். மூவருமே, 'உன் பெயர் என்ன? அப்பா என்ன வேலை செய்கிறார்?' என்று ஆரம்பித்து, பின்னக்கணக்கின் முதல் பக்கத்தையே திறக்கிறார்கள். நான்காம் வாரத்தில் அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துகொள்கிறது. ஆகையால் வந்த தேதி, வந்தவர் பெயர், நடத்திய பாடம், பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஆகிய நான்கையும் எழுதி, புத்தகத்தைத் தலைமையாசிரியர் அறையிலே வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் அதை வாசிக்காமல் வகுப்பறைக்குள் போகக்கூடாது. ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தருவேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அடுத்தவர் கையிலாவது அது வரவேண்டும்.

தகப்பனின் குடி, வீட்டுக் கடன் ஆகியவற்றை அதில் எழுதாதீர்கள். பலர் புரட்டும் புத்தகம் அது.

ஆனால் ஒரு பிள்ளை, தன்னை ஒருவர் தகாதவிதமாய்த் தொட்டதாகச் சொன்னால், அதை இரகசியமாய்க் காப்பது அன்பல்ல. மூப்பர்களைக் கூட்டி, ஜெபித்து, சபைக்குள்ளேயே முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டென்று அறிவோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. போதகருக்கும் அதில் விலக்கில்லை. 1098 என்னும் எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலே எழுதிவையுங்கள். ஜெபத்தையும் விடாதிருங்கள்.

பட்டணத்து வேலை நிலையானதல்ல. இன்று புனேயில் இருக்கிறவர் நாளை ஐதராபாத்திற்கு மாற்றப்படுவார். போகிறவர் ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் சொல்லி, புதியவரை அழைத்துவந்து, இரண்டு வாரமாவது இருவருமாய்ச் சேர்ந்து உட்காரவேண்டும். அதன் பின்பு நோட்டைக் கைமாற்றிக் கொடுக்கலாம்.