பல்கலைக்கழகங்களின் நற்பெயர்: உயர்கல்வித் துறைக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: இணையத்தில் பல்கலைக்கழகங்களின் நற்பெயர் காத்தல் – உண்மைத் தகவலை உடனுக்குடன் வெளியிடவும், புகார் அளிப்போரைப் பாதுகாக்கவும் நெறிமுறை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டால் முதலில் அடிபடுபவர், அதன் பட்டத்தோடு வேலை தேடி அலையும் மாணவரே. ஆனால் இணையத்தில் ஒரு குற்றச்சாட்டு பரவியதும், சொன்னவர் யார் என்று தேடுவதிலும் வாய்ப்பூட்டுச் சுற்றறிக்கை விடுவதிலுமே பல நிர்வாகங்கள் முனைகின்றன. சொன்னது உண்மையா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிப்படுத்தியது. பல்கலைக்கழகத்தின் ஆய்விலும் முறைகேடு உறுதியானது. கல்லூரிப் பட்டியல்களை ஒப்பிடும் அந்தப் பணியை இணைப்பு வழங்கும் அலுவலகமே செய்திருக்க வேண்டும். வெளியிலிருந்து செய்ய நேர்ந்ததுதான் அவப்பெயர். எனவே எல்லாப் பல்கலைக்கழகங்களும், இணைப்புக் கல்லூரி ஆசிரியர்களின் பெயர், துறை, பணியில் சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒவ்வொரு பருவமும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆதார் எண், கைபேசி எண், முகவரி அதில் இடம்பெறக் கூடாது. கேளாமலே தகவல் தரும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4 ஏற்கெனவே விதித்திருக்கிறது.

வெளிவரவே கூடாத தகவலும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. பாதிக்கப்பட்ட மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணத்தால் ஈடாகும் இழப்பு அல்ல அது. இத்தகைய நேரங்களில் அடையாளம் காட்டும் பதிவுகளை நீக்கச் சொல்லிச் சமூக ஊடக நிறுவனங்களை அன்றே அணுகவும், மாணவிக்குச் சட்ட உதவியும் உளவியல் ஆலோசனையும் கிடைக்கச் செய்யவும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பொறுப்பு அலுவலர் ஒருவர் வேண்டும்.

பொய்த் தகவலும் பரவுகிறது. மழைக்காலத்தில் பழைய சுற்றறிக்கையின் தேதியை மாற்றி, "நாளை தேர்வு இல்லை" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். விடியற்காலையில் பேருந்து ஏற வேண்டிய மாணவர் எதை நம்புவார்? தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்புகள் அனைத்தும் வரிசை எண்ணுடன் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பொய்ச் செய்திக்கு அன்றிரவே தமிழில் மறுப்பு வர வேண்டும்.

மாணவர் குறைதீர்ப்புக்கு இணைய முகப்பு, 15 வேலை நாட்களில் குறைதீர்ப்புக் குழுவின் அறிக்கை, மேல்முறையீட்டுக்குக் குறைதீர்ப்பாளர் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகள் தெளிவாகவே கூறுகின்றன. அவை எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். வந்த புகார்கள், தீர்ந்த புகார்களின் எண்ணிக்கையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். உள்ளே கேட்பாரில்லாதபோதுதான் மாணவர் இணையத்தில் எழுதுகிறார். நல்லெண்ணத்துடன் எழுதியதற்காக எவருடைய நுழைவுச்சீட்டையும் நிறுத்தக் கூடாது. அதற்காக எந்த ஆசிரியருக்கும் குறிப்பாணை தரக் கூடாது.

வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஆசிரியர், மாணவர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, இந்நெறிமுறையை அரசாணையாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்