பூட்டிய கதவும் ஓட்டுரிமையும்



வருஷக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுப்பது நம் எல்லோருக்கும் பழக்கமான காரியம். வண்டு விழுந்த பருப்பையும், கட்டிப்போன சர்க்கரையையும் கழித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் தொழிலின் நிலைமை தெரியும். ஆனால் கணக்குப்பிள்ளை போன நேரத்தில் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது என்பதற்காக, உள்ளே இருக்கும் ஐம்பது மூட்டையையும் "இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்தால் எந்த முதலாளியாவது சும்மா இருப்பாரா? "சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாயா?" என்றுதானே முதலில் கேட்பார்.

வாக்காளர் பட்டியல் விஷயத்திலும் நாம் கேட்க நினைப்பது இதே கேள்வியைத்தான்.

2025 நவம்பரில் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதற்கு முன் பட்டியலில் சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் இருந்தன. டிசம்பர் 19-ம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 5 கோடியே 43 லட்சம் பெயர்களே இருந்தன. ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் காணோம். இவர்களில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றும், 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேறு இடம் போனவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்றும் காரணம் சொல்லப்பட்டது.

இறந்தவர் பெயரை நீக்கியதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. காலமாகிப் பல வருஷம் ஆனவர் பெயரில் யாரோ வந்து ஓட்டுப் போட்டுப் போன கதையைக் கேள்விப்படாத ஊர் உண்டா? பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் "முகவரியில் இல்லை" என்ற இரண்டாவது இனம் இருக்கிறதே, அதைத்தான் வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கதவுகளில் பலவற்றைப் பூட்டி வைத்தது நாமேதான்.

எப்படி என்று கேட்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவது பெரும்பாலும் பகல் நேரத்தில். மூன்று முறையாவது வரவேண்டும் என்பது விதி. மூன்று முறையும் பகலில் வந்தால், காலை ஆறு மணிக்கு மண்டி திறந்து இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் வியாபாரியும், அவரிடம் வேலை பார்க்கும் சிப்பந்தியும் எந்த முறை வீட்டில் இருப்பார்கள்? நம் வீட்டிலாவது பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். சிப்பந்தி வீட்டில் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார். பல கடைகளில் பையன்கள் மாடியில் சரக்கோடு சரக்காகப் படுத்துக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கும் வீட்டுக்குப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் போகிறார்கள். ஊரில் கேட்டால் "மதுரையில் இருக்கிறான்" என்கிறார்கள். மதுரையில் கேட்டால் "ஊர்க்காரப் பையன்" என்கிறோம். இரண்டு பேரேட்டிலும் அவன் பெயர் இல்லை.

நமது மண்டியிலேயே நடந்ததைச் சொல்லுகிறோம். இருபத்திரண்டு வருஷமாக நம்மிடம் வேலை பார்ப்பவர் ஒருவர். சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமம். வரைவுப் பட்டியலில் ஊரில் இருந்த அவர் பெயர் போய்விட்டது. "மண்டி மாடியில்தான் தங்குகிறேன் என்று ஒரு கடிதம் கொடுங்கள் முதலாளி, இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டார். நாம் உடனே கொடுத்தோமா என்றால், இல்லை. "அப்படி எழுதிக் கொடுத்தால் நாளைக்கு இடத்துக்குப் பாத்தியதை கொண்டாடுவான்" என்றார் ஒரு நண்பர். "லேபர் ஆபீசர் கையில் சிக்கினால் வம்பு" என்றார் இன்னொருவர். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டோம். ஒருநாள் அவரே, "விடுங்க முதலாளி, ஓட்டுதானே" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை நம்மை உறுத்திவிட்டது. கல்லாப்பெட்டிச் சாவியை நம்பிக் கொடுத்த மனிதருக்கு ஒரு காகிதத்தை நம்பிக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லையே!

வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். வேலையின் பொருட்டு முதலாளியின் இடத்தில் தங்குவது வேறு, வாடகைக்குக் குடியிருப்பது வேறு. தங்குகிறார் என்று உண்மையை எழுதிக் கொடுப்பதால் பாத்தியதை வந்துவிடாது என்று விளக்கினார். லேபர் ஆபீசர் பயமோ, சம்பளப் பதிவேடு ஒழுங்காக வைத்திருப்பவருக்கு வரவேண்டியதில்லை. மறுநாளே கடிதம் கொடுத்து, 6-ம் எண் படிவத்தை நாமே நிரப்பி, அவருடன் கூடவே போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பெயர் ஏறியது. ஆனால் கெடு அதற்குள் முடிந்திருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, 18 வயது நிறைந்து, ஒரு தொகுதியில் சாதாரணமாக வசிப்பவர் அங்கே பெயர் பதியலாம். வசிப்பதற்குச் சொந்த வீடு வேண்டும் என்பதில்லை. படிவத்தில் கேட்கும் முகவரிச் சான்று எதுவும் இல்லாவிட்டால், அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். வீடில்லாதவராக இருந்தால் இரவில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்கவேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. அப்படி விசாரிக்க வரும்போது, "ஆமாம், இங்கேதான் தங்குகிறார்" என்று வாய் திறந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

ஏற்கனவே உள்ள பெயரை நீக்குவதிலும் முறை உண்டு. மும்பையிலும் டெல்லியிலும் பலருடைய பெயரை நீக்கப் புறப்பட்டபோது வந்த வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. பட்டியலில் முன்பே பெயர் இருந்தது என்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. தகவல் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்பளித்த பிறகே முடிவு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். பீகாரில் 2025-ல் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிடும்படி அதே நீதிமன்றம் ஆகஸ்ட் 14-ம் தேதி உத்தரவிட்டது. கடன் பாக்கி வைத்தவருக்குக்கூட நோட்டீஸ் கொடுத்துத்தானே கணக்கை முடிக்கிறோம்? பதிவு அலுவலரின் உத்தரவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையிடலாம்.

அரசுத் தரப்புக்கு நம் கோரிக்கை ஒன்றுதான். கடைத்தெருக்களில் வேலை செய்வோரை இரவு நேரத்திலோ, கடை விடுமுறை நாளிலோ வந்து பார்க்கட்டும். செய்ய முடியாத காரியம் அல்ல. 2019 ஏப்ரல் 18-ல் மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் நாடாளுமன்ற வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்தபோது, இங்கே மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட அனுமதித்தார்கள். ஊர் நிலைமையைச் சொன்னால் ஆணையம் கேட்கத்தான் செய்கிறது.

ஆனால் பிறரைக் குறை சொல்லும் முன், நம் வீட்டுக் குப்பையையும் பார்க்க வேண்டும். தொழில் செய்யும் ஊரில் ஓர் ஓட்டு, சொந்த ஊரில் ஓர் ஓட்டு என்று வைத்திருப்பவர்கள் நம்மில் இல்லையா? இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது. சொத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓரிடத்தில் ஓட்டு வராது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

வாக்குப்பதிவு நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பையன்களை நிறுத்தி எடை போடும் பழக்கத்தையும் விடவேண்டும். அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று 1996 முதல் சட்டமே இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அது உண்டு. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். ஒரு மூட்டை சீனியின் விலைகூட இல்லை என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நாமும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தான். "ஓட்டுதானே" என்று அந்த மனிதர் சொன்னது நம்மிடமிருந்து கற்றுக்கொண்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே அன்பர்களை வேண்டிக்கொள்வது இதுதான். இந்த மாதமே ஒருநாள் கடை அடைத்த பிறகு, உங்களிடம் வேலை பார்ப்பவர்களை உட்கார வைத்து, யார் பெயர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லாதவருக்கு 6-ம் எண் படிவம், இடம் மாறியவருக்கு 8-ம் எண் படிவம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிறையும் பையன்களையும் விட்டுவிடாதீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். வேட்பு மனுவுக்கான கடைசி நேரம் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

கேட்கிறவருக்குக் கடிதம் கொடுங்கள். கூடப் போய் வாருங்கள். நம் பேரேட்டில் பல வருஷமாகச் சம்பளம் எழுதி வரும் பெயர், நாட்டின் பேரேட்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பது முதலாளி செய்ய வேண்டிய காரியம்தான்.