வாயும் உடம்பில்தானே இருக்கிறது!

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். போவது சொல் மட்டுமன்று என்பது என் கருத்து. அதை எனக்குக் கற்பித்தது பாடநூலன்று. என் தந்தையாரின் ஈறு.

அப்பாவுக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். மாதந்தோறும் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவார். பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் வரும். "உடம்புச் சூடு" என்று உப்புநீரில் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மருத்துவரிடம் அவர் சொன்னதுமில்லை, மருத்துவர் கேட்டதுமில்லை. கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். வாயை எவரும் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு முன்பல் ஆடத் தொடங்கிய பிறகே பல் மருத்துவரிடம் சென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "சர்க்கரை எவ்வளவு?" என்பதுதான்!

பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு?

பல்லோரத்தில் படியும் கிருமிப் படலமே ஈறு நோயின் வித்து. டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற அறிஞரும் குழுவினரும் செய்து 1965-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற மாணவர்களே. மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் சில நாட்களில் மறைந்தது. ஆரம்பத்தில் இது இவ்வளவு எளிய நோய்!

கவனியாது விட்டால் படலம் காரையாக இறுகும். பலருக்கு ஈறு பல்லைவிட்டு விலகிப் பைபோலாகி, எலும்பும் கரையும். அதே அறிஞர் 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை ஆராய்ந்தார். பல் பராமரிப்பு வசதி எட்டாத அம்மக்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் விரைந்து முற்றியது. எண்பத்தொருவருக்கு மெல்ல வளர்ந்தது. பதினொருவர் மட்டுமே ஈறு அழற்சியோடு தப்பினர்.

அந்தப் பை ஓர் ஆறாத புண். உணவை மெல்லும்போதே அதன் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் நுழையக்கூடும். அழற்சியைத் தூண்டும் பொருள்களும் கலக்கின்றன. கல்லீரல் விழித்துக்கொண்டு சி-ரியாக்டிவ் புரோட்டீனை மிகுதியாக உண்டாக்குகிறது. இவ்வழற்சி இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். சர்க்கரை ஏறினால் ஈறு மேலும் கெடும். ஒன்றையொன்று வளர்க்கும் பகைவர்கள் இவ்விருவரும். ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

மிகைப்படுத்துவதும் தவறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லா நோய்க்கும் பல்லே காரணமென்று நம்பி மேனாட்டில் நல்ல பற்களையும் பிடுங்கி எறிந்தனர். இதய நோயுடன் ஈறு நோய் சேர்ந்து காணப்படுவது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. சர்க்கரையின் கதை அப்படியன்று; அங்கே சான்று வலுவாகவே இருக்கிறது.

"ஏழைக்குப் பல் வைத்தியம் ஆடம்பரம்" என்பார் சிலர். ஆடம்பரம் எது? காரையை எடுப்பதா, ஆண்டாண்டாய் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதா? சர்க்கரை நோயாளியின் வாயையும் ஆண்டுக்கொரு முறையேனும் பார்க்க வேண்டும். கல்லூரி மருத்துவ முகாம்களிலும் எடையும் பார்வையும் போல ஈறும் பார்க்கப்பட வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

அப்பாவுக்குக் காரை எடுத்தாயிற்று. இப்போது இரத்தம் வருவதில்லை. ஆடிய பல் மட்டும் நிற்கவில்லை.

நண்பர்களே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" நான் பத்தாண்டுகள் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.